எதுக்கும் இருக்கட்டும்: 'புற்றுநோய் வார்டு' நாவலும் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியும்

புற்றுநோயைப் பற்றி எழுதப்பட்ட முக்கியமான புத்தகங்களை ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் இரண்டே இடங்களிலிருந்து எழுதப்பட்டவை என்பது தெரியும். ஒன்று நோயாளியின் கட்டில், இன்னொன்று மருத்துவரின் மேசை. சூசன் சொன்டாக் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்த பிறகு, 1978இல், நோயை உருவகமாக்கும் மொழியைப் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். ஆட்ரி லோர்ட் 1980இல் தன் புற்றுநோய் நாட்குறிப்புகளை வெளியிட்டார். சித்தார்த்த முகர்ஜி 2010இல் மருத்துவரின் மேசையிலிருந்து அந்த நோயின் முழு வரலாற்றையே எழுதினார். பால் கலாநிதி இரண்டு இடத்திலும் உட்கார்ந்தவர். மூளை அறுவை மருத்துவர், நுரையீரல் புற்றுநோயாளி. 2016இல் வெளியான அவருடைய நூலில் மனைவி லூசிக்குக் கிடைத்த இடம் பின்னுரை. அற்புதமான பின்னுரைதான். ஆனால் லூசியும் மருத்துவர். மருந்துச் சீட்டைப் பார்த்து முழிக்கிற நிலைமை அவருக்கு இல்லை.

மூன்றாவதாக ஒரு இடம் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும் நாற்காலி. நம் ஊர் மருத்துவமனைகளில் அதில் உட்காருகிறவரை 'அட்டெண்டர்' என்பார்கள். "பேஷண்ட்டோட அட்டெண்டர் யாருங்க?" என்று குரல் கேட்டால் எழுந்து ஓட வேண்டும். பார்மஸி, பில்லிங் கவுண்ட்டர், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து. கையெழுத்துப் போடுகிற அந்த ஆளுக்கு நோயும் இல்லை, மருத்துவமும் தெரியாது. அவனிடம் இருப்பதெல்லாம் பயமும் ஒரு செல்போனும்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்க்காக கீமோதெரபி நடந்த கிட்டத்தட்ட ஆறு மாதம் நான் அந்த நாற்காலியில் இருந்தேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு சுற்று, அதன் பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. சொட்டு இறங்கும் நேரங்களில் போனில் அலெக்ஸாண்டர் சோல்ஜெனிட்சினின் 'புற்றுநோய் வார்டு' நாவலை ஆங்கிலத்தில் வாசித்தேன். "வேற புக்கே கிடைக்கலையா உனக்கு?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நாட்களில் நான் மாட்டிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை, அதாவது மாற்று மருத்துவத்தின் மீது மனிதர்களுக்கு வரும் ஈர்ப்பை, இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட வேறொரு புனைவை நான் படித்ததில்லை. அதே நாவல் அந்த நாற்காலியைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதும் உண்மை. இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது.

*

நாவல் நடப்பது 1955இன் தொடக்கத்தில், சோவியத் மத்திய ஆசியாவின் ஒரு நகர மருத்துவமனையில். நாவல் பெயர் சொல்லாவிட்டாலும் அது தாஷ்கண்ட் என்பது எல்லோருக்கும் தெரியும். சோல்ஜெனிட்சின் கஸாக்ஸ்தானில் நாடுகடத்தப்பட்டிருந்தபோது, 1954இல், தாஷ்கண்ட்டில்தான் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். நாவல் 1968இல் வெளிநாடுகளில் வெளியானது. சொந்த நாட்டில் அச்சாக 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் பெரும்பாலான விமர்சகர்கள் இதை ஓர் அரசியல் உருவகமாகவே வாசித்தார்கள். ஸ்டாலினியம்தான் புற்று, நாடுதான் வார்டு. அந்த வாசிப்பு தவறில்லை. ஆனால் கீமோ அறையில் உட்கார்ந்து படிப்பவனுக்கு உருவகம் எதுவும் தேவைப்படாது. அங்கே கட்டி என்றால் கட்டிதான்.

பதினோராவது அத்தியாயத்தில் 'சாகா' வருகிறது. பிர்ச் மரத்தில் கரும்புண் போல வளரும் ஒரு பூஞ்சை. கதாநாயகன் கோஸ்டோக்ளோடோவ், முகாம் வாழ்க்கை முடிந்து நாடுகடத்தப்பட்டவன், வார்டில் எல்லோருக்கும் ஒரு கதை சொல்கிறான். மாஸ்கோவுக்கு அருகே மாஸ்லெனிகோவ் என்று ஒரு கிராமத்து மருத்துவர் இருக்கிறார். தன் பகுதி விவசாயிகளிடம் புற்றுநோய் அதிகம் காணப்படவில்லை என்பதை அவர் கவனிக்கிறார். தேயிலைக்குச் செலவழிக்க மனமில்லாமல் இந்தப் பூஞ்சையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவர்கள் அவர்கள். அவ்வளவுதான் கதை.

கதை முடிவதற்குள் வார்டின் முகமே மாறிவிடுகிறது. கழுத்தில் கட்டியோடு வந்திருக்கும் அதிகாரி ருசானோவ், எத்தனையோ பேரைக் காட்டிக்கொடுத்து மேலே வந்தவன், கோஸ்டோக்ளோடோவின் பக்கம் திரும்பாமலே இருந்தவன், அவனும் காது கொடுக்கிறான். எல்லோருக்கும் ஒரே கேள்விகள். எங்கே கிடைக்கும்? எப்படிக் காய்ச்ச வேண்டும்? எவ்வளவு குடிக்க வேண்டும்? அந்த மருத்துவரின் விலாசம் என்ன?

இந்தக் கேள்விகளில் ஒன்றைக் காணோம் என்பதைக் கவனியுங்கள். "இது வேலை செய்யுமா?" என்று யாரும் அழுத்திக் கேட்பதில்லை. சோல்ஜெனிட்சின் அவர்களைக் கேலி செய்யவும் இல்லை, பூஞ்சைக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. படுத்துக்கிடந்தவர்கள் எழுந்து உட்கார்கிறார்கள் என்பதை மட்டும் காட்டுகிறார். கதிர்வீச்சு இயந்திரத்தின் கீழே படுப்பது அவர்களுக்கு நடக்கிற ஒன்று. சாகா அவர்களே செய்யக்கூடிய ஒன்று. விலாசம் எழுதலாம், கடிதம் போடலாம், பொட்டலம் வந்ததா என்று பார்க்கலாம், அடுப்பில் வைக்கலாம்.

இந்த மனநிலைக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: எதுக்கும். "எதுக்கும் இருக்கட்டும்", "எதுக்கும் ஒரு தடவ பாத்துருவோம்." அதில் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்ல முடியாது, அவநம்பிக்கை என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் கையைத் துழாவுகிற சொல் அது. பிர்ச் மர அத்தியாயம் முழுக்க 'எதுக்கும்' என்ற ஒற்றைச் சொல்லின் விரிவுரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

எங்கள் வீட்டுக்கு வந்த 'எதுக்கும்'களின் பட்டியல் இது. முள்சீத்தா இலை, ஒரு பை நிறைய. கோதுமைப்புல் சாறு, கருஞ்சீரகத் தூள். சேராங்கொட்டை சேர்த்த ஒரு லேகியம். பெயர் ஒட்டாத டப்பாவில் ஒரு மெழுகு மருந்து. கூடவே, சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்கிற வீடியோ, குறைந்தது பதினைந்து பேரிடமிருந்து. கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூட எங்களுக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை. சித்தப்பா அந்த இலைக்காக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

இரண்டாவது சுற்றுக்குப் பிறகு அவளுக்கு வெள்ளணுக்கள் இறங்கி, காய்ச்சல் வந்து, மூன்று நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. வாய் முழுக்கப் புண். தண்ணீர் குடிப்பதற்கே அழுதாள். வீடு திரும்பிய அன்று அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "மாப்ள, எதுக்கும் அந்த வைத்தியர ஒரு தடவ பாத்துட்டு வந்துருங்களேன். இந்த கெமிக்கல அவ ஒடம்பு தாங்காது."

போனில் பேசினோம். வைத்தியரின் நிபந்தனை தெளிவாக இருந்தது. "ஊசிய நிறுத்திட்டு வாங்க. ஒரு மண்டலம் பத்தியம் இருக்கணும். ரெண்டும் சேத்து எடுத்தா நம்ம மருந்து பேசாது."

இங்கேதான் 'எதுக்கும்' என்ற சொல்லின் அர்த்தம் மாறுகிறது. கூடவே ஒரு கஷாயம் என்பது ஒரு விஷயம். அதற்குப் பதிலாகக் கஷாயம் என்பது முற்றிலும் வேறு. நாவலில் வார்டுவாசிகளின் சாகா பெரும்பாலும் முதல் வகை. கோஸ்டோக்ளோடோவ் நெருங்கிப் போவது இரண்டாவது வகையை.

ஆனாலும் வைத்தியர் சொன்னதில் ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது: பத்தியம். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, விடியலில் வெறும் வயிற்றில் இத்தனை. பத்தியம் நோயாளிக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை. அடுப்பு மாறுகிறது, கடைக்குப் போகிறவனின் பட்டியல் மாறுகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. எங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் முதல் நாள் நான் கேட்ட கேள்வி, "என்ன சாப்பிடக் குடுக்கணும் டாக்டர்?" "எல்லாம் குடுங்க. வெளிச் சாப்பாடு மட்டும் வேணாம்." மருத்துவரீதியாகச் சரியான பதில். ஆனால் அந்தப் பதிலோடு அத்தை இரவெல்லாம் என்ன செய்வார்? அலோபதி மருந்தைக் கொடுத்துவிட்டு வீட்டிலிருப்பவர்களின் கையைச் சும்மா விட்டுவிடுகிறது. சும்மா இருக்கும் கைகளுக்கு வேலை கொடுக்க ஊரே காத்திருக்கிறது.

*

'கெமிக்கல்' என்ற சொல்லுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ஏற்றிய மருந்துகள் மூன்று. முதலாவது டாக்ஸோரூபிசின். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் சிவப்பு, ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவப்பாகப் போகும். அது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. இரண்டாவது சைக்ளோஃபாஸ்ஃபமைட். இது உண்மையிலேயே வேதியியல்தான், உலகப்போர்க்கால மஸ்டர்ட் வாயுவின் வம்சாவளி. மூன்றாவது பாக்லிடாக்ஸெல். அமெரிக்கப் பசிபிக் கரையோரக் காடுகளின் யூ மரப் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பட்டையைச் சேகரித்தது 1962இல். அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். நடுவில் முப்பது வருடம். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் வருகிறது. ஆக, மூலிகையா கெமிக்கலா என்ற சண்டை அர்த்தமில்லாதது. மரப்பட்டை இரண்டு பக்கமும் இருக்கிறது. எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும், யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை, எத்தனை பேர் செத்தார்கள் என்று முப்பது வருடம் கணக்கு எழுதப்பட்டதா என்பது ஒன்றே வித்தியாசம். மென்பொருள்காரனாக எனக்கு இது சுலபமாகப் புரிகிறது. சோதனை அறிக்கை இல்லாத கோடை யாரும் புரொடக்‌ஷனில் ஏற்ற மாட்டார்கள், எழுதியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

கணக்கு இருக்கவும் செய்கிறது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டது. இறப்பதற்கான அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். அதே குழு அதே வருடம் இன்னொன்றையும் வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையோடு மாற்று வழிகளையும் சேர்த்துக்கொண்டவர்களிடம் அபாயம் இரண்டு மடங்கு. அவர்கள் அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை மறுப்பது அதிகமாக இருந்தது, வித்தியாசம் பெரும்பாலும் அதனால் வந்தது என்றார்கள். ஆபத்து பொடியில் இருந்ததைவிட, பொடி கையில் இருக்கும் தைரியத்தில் தள்ளிப்போட்ட சிகிச்சையில் அதிகமாக இருந்தது.

இந்த எண்களை அத்தையிடம் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆய்வு எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்லும். அவர்கள் ஏன் அந்தப் பக்கம் போனார்கள் என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. அதற்குத்தான் நாவல் வேண்டியிருக்கிறது.

*

சாகா ஊருக்குப் பொதுவான கதை என்றால், இஸிக்-குல் ஏரிப் பக்கத்து வேர் கோஸ்டோக்ளோடோவின் தனிப்பட்ட ரகசியம். ஒரு கிழவரிடமிருந்து கிடைத்த வேர். வோட்காவில் ஊறவைத்துச் சொட்டு எண்ணிக் குடிக்க வேண்டும். அளவு மீறினால் உயிரை எடுக்கும் விஷம் அது. அதை அவன் வார்டுக்குள்ளேயே ஒரு குப்பியில் ஒளித்து வைத்திருக்கிறான்.

அவன் மூடன் இல்லை. தனக்கு என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று விடாமல் கேட்கிறவன். தன் ஆண்மையை அழிக்கக்கூடிய ஹார்மோன் ஊசியை எதிர்க்கிறவன், எனக்காக நீங்கள் எப்படி முடிவு செய்யலாம் என்று மருத்துவர் டோன்ட்சோவாவிடம் சண்டை போடுகிறவன். முகாமிலும் நாடுகடத்தலிலும் அவனுக்காக எல்லாவற்றையும் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். இப்போது மருத்துவமனையும் அதையே செய்கிறது. குப்பி அவனுக்கு மருந்து என்பதைவிட, தன் கையில் மிச்சமிருக்கும் ஒரு முடிவு.

அந்தக் குப்பியை அவன் எப்படிக் கைவிடுகிறான் என்பது நாவலின் மிக நல்ல இடங்களில் ஒன்று. டோன்ட்சோவாவின் அதிகாரத்தால் முடியாததை இளம் மருத்துவர் வேரா கங்கார்ட் செய்கிறார். அவரும் விஷம் என்றுதான் சொல்கிறார். ஆனால் அவனை ஒரு கேஸ் ஷீட்டாகப் பார்க்காமல் மனிதனாக நிறுத்தி, கேட்டுக்கொள்கிறார். அவன் விட்டுவிடுகிறான். தர்க்கத்தால் தோற்று அவன் அதைக் கொடுக்கவில்லை. தன் தரப்பை ஒருவர் கேட்டார் என்பதால் கொடுக்கிறான்.

எங்களுக்கும் அதைப் போன்ற ஒன்று நடந்தது. என் மனைவி எல்லா டப்பாக்களையும் இலைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மருத்துவரின் மேசை மேல் கொட்டினாள். "இதெல்லாம் எடுக்கச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" அந்த மருத்துவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மெழுகு மருந்தில் பாதரசம் இருக்கலாம், வேண்டாம். முள்சீத்தா இலையில் நரம்பைப் பாதிக்கும் பொருள் உண்டு, வேண்டாம். சேராங்கொட்டையும் வேண்டாம். ஈரல் ஏற்கெனவே இந்த மருந்துகளைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு மேலும் சுமை ஏற்றினால் அடுத்த சுற்றே தள்ளிப்போகும். இஞ்சி போடுங்க, ரசம் வைங்க, தாராளமா.

பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தினம் இரண்டு வேளை வெப்பநிலை. 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினால் ராத்திரி இரண்டு மணி ஆனாலும் கிளம்பி வர வேண்டும். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வீட்டுக்கு விருந்தாளி கூடாது. அத்தை அந்தத் தாளை வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அன்றிலிருந்து தெர்மாமீட்டர் அவர் இடுப்பில்தான். யார் வந்தாலும் வாசலிலேயே "கை கழுவிட்டு வாங்க" என்று நிறுத்தினார். அவருக்கு ஒரு பத்தியம் கிடைத்துவிட்டது.

அன்றிரவு நான் இன்னும் அரைமனதாக, வைத்தியரை நேரில் மட்டும் பார்த்துவிட்டு வரலாமா என்றேன். அவள் கேட்டாள்: "கஷாயம் எனக்கு வேணுமா, உனக்கு வேணுமா?"

புற்றுநோயைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி அது. எனக்குத்தான் வேண்டியிருந்தது, எதையாவது செய்யும் கைகள். உடம்பு அவளுடையது. முடிவையும் அவளே எடுத்தாள். மூன்றாவது சுற்றுக்குப் போனோம்.

*

அந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கும்போதுதான் நாவலின் குறை கண்ணில் படுகிறது. கோஸ்டோக்ளோடோவின் சுதந்திரம் தனி ஆளின் சுதந்திரம். அவன் ஊசியை மறுத்தால் வராந்தாவில் யாரும் இடிந்து உட்கார மாட்டார்கள். விஷத்தைக் குடித்தால் யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியதில்லை. தன் உடல் மீது தனக்கு உள்ள உரிமையைப் பற்றி இவ்வளவு தீவிரமாகப் பேசும் நாவல், அந்த உடலோடு பின்னிக்கிடக்கும் இன்னொருவரைப் பற்றி யோசிக்கவே இல்லை. வார்டில் இருக்கும் முக்கியமான மனைவி ருசானோவின் கப்பிடோலினா. அவள் நையாண்டிக்காகப் படைக்கப்பட்டவள். நாவலின் ஒரே இனிய தம்பதியான காட்மின்கள் வெகு தொலைவில், கடிதங்களிலும் நினைவிலும் வருகிறார்கள். அவர்களுக்கு நோய் இல்லை. கடைசியில் கோஸ்டோக்ளோடோவ் வேராவுடன் சேர்வதுமில்லை. கடிதம் எழுதிவிட்டுத் தனியாக ரயில் ஏறுகிறான். பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்க வேண்டும் என்று நாவல் முடிவெடுத்தது போலிருக்கிறது.

தமிழில் அந்த நாற்காலியைத் திரைக்கு நடுவில் போட்டவர் ஸ்ரீதர். 1962இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' புற்றுநோய் வந்த கணவன், அவன் பக்கத்தில் மனைவி, அவளுடைய முன்னாள் காதலனான மருத்துவர் என மூவரையும் ஒரே மருத்துவமனைக்குள் அடைக்கிறது. முத்துராமனும் தேவிகாவும் இருக்கும் காட்சிகளில் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையிலான தூரம் நன்றாகவே தெரியும். ஆனால் படம் தேவிகாவிடம் கேட்கும் கேள்வி, அவள் மனம் யார் பக்கம் என்பது. சிகிச்சை முழுக்க மருத்துவரின் பொறுப்பு, அவர் தன் உயிரையே கொடுத்து முடித்துவைக்கிறார். அந்த மனைவிக்கு அழுவதும் பிரார்த்திப்பதும் தவிர வேலை எதுவும் தரப்படவில்லை.

நாற்காலியிலிருந்து எழுதியவர்களில் என்னை அதிகம் பாதித்தவர் டேவிட் ரீஃப், சொன்டாக்கின் மகன். 2004இல் அம்மா இறந்ததைப் பற்றி 2008இல் ஒரு நூல் எழுதினார். மருத்துவ உண்மைகளுக்காக வாதாடிய சொன்டாக், கடைசி நோயில் தான் பிழைப்பேன் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்க விரும்பவில்லை. மகன் அவர் கேட்க விரும்பியதைச் சொன்னார். சொன்னது சரியா என்று புத்தகம் முழுக்கத் தன்னையே குடைந்துகொள்கிறார். அது கணவன் மனைவி கதை இல்லைதான். ஆனால் நாற்காலியில் இருப்பவரின் முக்கியமான சிக்கலை அது தொடுகிறது: ஒருவருக்காக நான் நம்புகிறேனா, அல்லது என் பயத்துக்காக அவரை நம்பவைக்கிறேனா?

மாற்று மருத்துவத்தைப் பற்றி நம் இணையத்தில் நடக்கும் சண்டைகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. ஒரு பக்கம் பகுத்தறிவு, இன்னொரு பக்கம் பாரம்பரியம். 1954இலேயே புற்றுநோய்க்கு மாய மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்க இந்தியாவில் ஒரு சட்டம் வந்துவிட்டது. அதே வருடம்தான் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. சட்டமும் வேண்டும், மருத்துவமனையும் வேண்டும். இவை இரண்டும் வந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆன பிறகும் முள்சீத்தா இலை பஸ் மாறி வந்துகொண்டிருக்கிறது. அதைக் கொண்டுவருகிற சித்தப்பாவை முட்டாள் என்பவர்களும், அவரை ஞானி என்பவர்களும், அவர் ஏன் அவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்பதில்லை.

சோல்ஜெனிட்சின் கேட்டார். அதனால்தான் இந்த நாவலைக் கையில் எடுங்கள் என்கிறேன். கனமான புத்தகம். முதல் நூறு பக்கம் பெயர்களைப் பிடிப்பதற்கே போய்விடும். பிர்ச் மர அத்தியாயம்வரை பொறுத்துக்கொண்டால் போதும், பிறகு அது உங்களை விடாது. படிக்கும்போது ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். டியோம்காவின் காலை எடுக்கலாம் என்று முடிவாகும் நாளில் அங்கே ஒரு தாய் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள், கோஸ்டோக்ளோடோவின் குப்பியை ஒரு மனைவி கண்டுபிடித்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன கேட்டிருப்பாள் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. அதைக் கட்டுரையில் போடலாமா என்று அனுமதி கேட்டபோது என் மனைவி, "போடு. ஆனா நான் இன்னும் செக்கப்புக்குப் போய்ட்டுதான் இருக்கேன், முடிஞ்ச கதை மாதிரி எழுதாத" என்றாள்.